ஈருயிர்க் காப்பு



என் பாட்டியாருக்கு ஆங்கில ஆண்டுக் கணக்குத் தெரியாது. ஊரில் நிகழ்ந்தவற்றையெல்லாம் தமிழ் ஆண்டுகளின் பெயரைக் கொண்டே நினைவில் வைத்திருந்தார். “காளயுக்தி வருஷம், ஐப்பசி மாதம்” என்று அவர் தொடங்கினால், அடுத்து வருவது அவருடைய தமக்கையாரின் கதை என்பது எங்கள் வீட்டுச் சிறுவர் அனைவருக்கும் தெரியும். தலைப்பிள்ளைப் பேற்றுக்காகத் தாய்வீடு வந்திருந்த அப்பெண்மணி, ஏழாம் மாதத்தில் காய்ச்சல் கண்டு, நான்காம் நாள் மூச்சு முட்டி மாண்டார். வயிற்றிலிருந்த சிசுவும் அவரோடு மறைந்தது. கண்ணேறு என்றனர் சிலர். விதி என்றனர் வேறு சிலர். அவ்விரண்டில் எது மெய் என்று அறியாமலே என் பாட்டியாரும் கண்ணை மூடினார்.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்று, வரலாறு கற்பிக்கத் தொடங்கிய பின்னரே ஐந்தொகையைச் சரிபார்த்தேன். காளயுக்தி ஆண்டு ஐப்பசி என்பது 1918-ஆம் ஆண்டு அக்டோபர், நவம்பர்த் திங்கள்களாகும். உலகம் முழுவதையும் இன்புளுயென்ஸா என்னும் நச்சுக் காய்ச்சல் சூறையாடிய காலம் அது. எங்கள் வீட்டுக் கதை உலக வரலாற்றின் ஒரு சிறு துளி என்பதை அன்று உணர்ந்தேன். அக்காய்ச்சலுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் உள்ள தொடர்பு யாது, அத்தொடர்பை அறிஞர் எப்போது கண்டனர், கண்டபின் என்ன செய்தனர் என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

முதல் உலகப் போரின் இறுதி ஆண்டில் அந்நோய் பரவியது. போரில் ஈடுபட்ட நாடுகள் செய்தித்தாள்களுக்குக் கட்டுப்பாடு விதித்திருந்தமையால் நோய்ச் செய்தி வெளிவரவில்லை. நடுநிலை வகித்த ஸ்பெயின் நாட்டிலோ அச்செய்தி தாராளமாக வெளிவந்தது. அதனால் ‘ஸ்பானியக் காய்ச்சல்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. பாவம், ஸ்பெயின் செய்த குற்றம் உண்மையை வெளியிட்டது ஒன்றே. இந்தியாவில் அது முதலில் தலைகாட்டியது பம்பாய் நகரத்தில். 1918 சூன் 10-ஆம் நாள், துறைமுகக் காவலர் ஒருவர் உள்ளிட்ட ஏழு சிப்பாய்கள் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். முதல் அலை ஓரளவு மென்மையாகவே கடந்து சென்றது. செப்டம்பரில் எழுந்த இரண்டாம் அலைதான் நாட்டையே உலுக்கிவிட்டது.

இந்தியாவில் மட்டும் மாண்டோர் 1.2 கோடிக்கும் 2 கோடிக்கும் இடைப்பட்டவர் என்று ஆய்வாளர் மதிப்பிடுவர். இத்தொகையின் பெருமையை உணர ஒரு சான்று கூறுவேன். இன்றைய இந்திய எல்லைக்குள் 1911-ஆம் ஆண்டில் சுமார் 25.2 கோடி மக்கள் இருந்தனர். 1921-இல் சுமார் 25.1 கோடி மக்களே இருந்தனர். நம் நாட்டுக் குடிமதிப்பு வரலாற்றில் மக்கள்தொகை குறைந்த பத்தாண்டு அது ஒன்றேயாகும். பொதுவாக இக்காய்ச்சல் முதியோரையும் குழந்தைகளையுமே மிகுதியாக வாட்டும். ஆனால் அவ்வாண்டில் இருபது முதல் நாற்பது வயதுக்குட்பட்டோர் கூட்டம் கூட்டமாக மடிந்தனர். நம் நாட்டில் ஆடவரைவிடப் பெண்டிர் மிகுதியாக மாண்டனர் என்பதையும் அக்காலத்து அறிக்கைகள் குறிப்பிடுகின்றன.

இனி, என் பாட்டியாரின் வினாவிற்கு வருவோம். கருவுற்ற பெண் இறந்தது விதியா? 1919-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் ஹாரிஸ் என்ற மருத்துவர், இன்புளுயென்ஸா கண்ட 1,350 கர்ப்பிணிகளைப் பற்றிய விவரங்களைப் பிற மருத்துவர்களிடமிருந்து திரட்டி வெளியிட்டார். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நுரையீரல் அழற்சி உண்டாயிற்று. அழற்சி கண்டவருள் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டனர். மொத்தத்தில் நூற்றுக்கு 27 பேர் உயிரிழந்தனர். பிழைத்தவருள்ளும் பலருக்குக் கரு நிலைக்கவில்லை.

இதற்குக் காரணம் உடலமைப்பிலேயே உள்ளது. கருவுற்ற காலத்தில் தாயின் இதயம் வழக்கத்தைவிட மிகுதியாக உழைக்கிறது. அவளுக்குத் தேவைப்படும் உயிர்வளியின் அளவு கூடுகிறது. வளர்ந்து வரும் கருப்பை, மார்புக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானத்தை மேல்நோக்கித் தள்ளுவதால் நுரையீரல் விரிவதற்கு இடம் குறைகிறது. தன் உடலிலிருந்து வேறுபட்டதொரு சிற்றுயிரைப் பேணவேண்டியிருப்பதால் நோயெதிர்ப்பு ஆற்றலின் போக்கும் மாறுகிறது. இந்நிலையில் நுரையீரலைத் தாக்கும் நோய் வந்தால், ஏற்கெனவே பாரம் ஏற்றிய வண்டியின்மீது மற்றொரு மூட்டையை வைத்தது போல் ஆகிவிடுகிறது. ஆகவே பாட்டியாரின் தமக்கையார் இறந்ததற்கு விளக்கம் 1919-லேயே கிடைத்துவிட்டது. இந்த ஆண்டை நீங்கள் மறவாமல் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

காரணம் தெரிந்தது, காப்பு அன்று இல்லை. நோயை உண்டாக்கும் கிருமி எது என்பதிலேயே குழப்பம் இருந்தது. ஜெர்மானிய அறிஞர் பைபர் 1892-இல் கண்ட ஒரு நுண்ணுயிரே காரணம் என்று பலர் நம்பியிருந்தனர். அது தவறு. 1933-இல் இலண்டன் நகரில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா ஆகிய மூவர், நோயாளிகளின் தொண்டையிலிருந்து எடுத்த நீரை வடிகட்டி, பெரட் என்னும் கீரி போன்ற சிறுவிலங்கிற்குச் செலுத்தி அதற்கு நோய் உண்டாவதைக் கண்டனர். நோயுற்ற பெரட் ஒன்று வில்சன் ஸ்மித்தின் முகத்திற்கெதிரே தும்மிற்று. சில நாள்களில் அவரும் காய்ச்சலில் விழுந்தார்! அவர் தொண்டையிலிருந்தே மீண்டும் கிருமியை எடுத்து ஆராய்ந்தனர். சாதாரண நுண்ணுயிர்களினும் மிகச் சிறியதாகிய வைரஸே நோய்க்குக் காரணம் என்பது இவ்வாறு உறுதிப்பட்டது.

அடுத்து, அமெரிக்காவில் தாமஸ் பிரான்சிஸ் என்பவரும் அவரிடம் பயின்ற ஜோனஸ் சால்க்கும், கோழிமுட்டையில் வைரஸை வளர்த்து, அதைச் செயலறச் செய்து தடுப்பு மருந்து ஆக்கினர். பின்னாளில் இளம்பிள்ளைவாதத் தடுப்பூசி கண்டு புகழ் பெற்றவர் இந்தச் சால்க்கே ஆவார். இரண்டாம் உலகப் போரின்போது போர்வீரரிடையே சோதிக்கப்பட்டு, 1945-இல் படைக்கும், அடுத்த ஆண்டு பொதுமக்களுக்கும் அம்மருந்து கிடைத்தது. 1947-இல் அது பயன்படாமற் போயிற்று. ஏனெனில் வைரஸ் தன் வடிவை மாற்றிக்கொண்டுவிட்டது. ஆண்டுதோறும் உலகெங்கும் வைரஸின் போக்கைக் கவனித்து, அதற்கேற்ப மருந்தைப் புதுப்பிக்க வேண்டும் என்ற பாடத்தை அத்தோல்வி கற்பித்தது. அப்பணியை உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஆண்டுக்கொரு முறை ஊசி போட்டுக்கொள்ள வேண்டியதன் காரணமும் இதுவே.

1957-ஆம் ஆண்டில் புதியதொரு வைரஸ் ஆசியாவில் எழுந்தது. அது இந்தியாவிற்குள் நுழைந்த வாயில் நம் சென்னைத் துறைமுகம். மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலின் பயணிகளிடையே நோய் காணப்பட்டது. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இயங்கிய இன்புளுயென்ஸா மையம் அவ்வைரஸை ஆராய்ந்தது. அடுத்த சில திங்கள்களில் நாடெங்கும் 44 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகவும், ஏறத்தாழ 1,100 பேர் இறந்ததாகவும் கணக்கிடப்பட்டது. 1918-ஐ நோக்க இது சிறு தொகையே. ஆயினும் கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை பழைய உண்மை மாறவில்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், பிள்ளைபெறும் வயதில் இக்காய்ச்சலால் மாண்ட பெண்டிருள் பாதிப்பேர் கருவுற்றிருந்தவர்கள்.

இரண்டு கொள்ளைநோய்கள் ஒரே பாடத்தைச் சொல்லிவிட்டன. ஆதலால் 1960-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் தலைவர் லெராய் பர்னி, ஆண்டுதோறும் தடுப்பூசி பெறவேண்டியவர் இன்னின்னார் என்று அறிவித்தபோது, முதியோர், நெடுநாள் நோயாளர் ஆகியோருடன் கருவுற்ற பெண்டிரையும் சேர்த்தே குறிப்பிட்டார். 1959 முதல் 1965 வரை 2,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகள் இவ்வூசி பெற்றதை ஆராய்ந்ததில், கருவிற்குத் தீங்கு எதுவும் காணப்படவில்லை.

இத்துடன் கதை இனிதே முடிந்திருக்க வேண்டும் அன்றோ? நோயின் கொடுமை தெரியும், மருந்து இருக்கிறது, போட்டுக்கொள்க என்ற அறிவுரையும் வந்துவிட்டது. ஆனால் நடந்தது வேறு. அறிவுரை ஏட்டில் தங்கிவிட்டது. மிகப் பெரும்பாலான தாய்மார் ஊசி பெறவில்லை. மருத்துவரே அதைப் பற்றிப் பேசவில்லை. பிற்காலத்து அறிவுரைகளிலும் கர்ப்பிணிகளுக்கு அந்த உறுதியான இடம் நிலைத்திருக்கவில்லை. 1997-இல்தான் அந்நாட்டு வல்லுநர் குழு, கருவுற்ற முதல் மூன்று மாதங்களைக் கடந்தோர் பெறவேண்டும் என்று பரிந்துரைத்தது. எம்மாதத்திலும் பெறலாம் என்றது 2004-இல். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன.

இதற்குக் காரணங்கள் மூன்று என்பது என் கருத்து.

முதலாவது, தாலிடோமைடு என்ற மருந்தால் விளைந்த பேரச்சம். 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த அம்மாத்திரையைக் கர்ப்பிணிகள் வாந்தியையும் மசக்கையையும் தணிப்பதற்காக உட்கொண்டனர். பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறைபாட்டோடு பிறந்தன. 1961 இறுதியில் அங்கு அது விலக்கப்பட்டது. அம்மருந்துக்கும் தடுப்பூசிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆனால் கருவுற்ற பெண்ணுக்கு எதையும் கொடாதிருப்பதே அறிவுடைமை என்ற எண்ணம் உலகெங்கும் ஊன்றிவிட்டது. மருந்துச் சோதனைகளிலிருந்தும் அவர்கள் விலக்கப்பட்டனர். சோதிக்காததால் கொடுக்கவில்லை, கொடுக்காததால் சோதிக்க வாய்ப்பில்லை. செக்குமாடு சுற்றுவது போல் மருத்துவ உலகம் இவ்விரண்டினிடையே சுற்றியது.

இரண்டாவது, 1976-இல் அமெரிக்காவில் நிகழ்ந்தது. பன்றிக் காய்ச்சல் பரவும் என்று அஞ்சி 4 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போட்டனர். எதிர்பார்த்த கொள்ளைநோய் வரவில்லை. ஊசி பெற்றோருள் சுமார் இலட்சத்தில் ஒருவருக்குக் குல்லைன்-பாரே என்ற நரம்பு நோய் கூடுதலாகக் கண்டது. திட்டம் நிறுத்தப்பட்டது. இது நடந்த உண்மை. இதை மறைப்பது தகாது. ஒரு தடுப்பூசியைப் பற்றிய நம்பிக்கை குலைய ஒரே ஆண்டு போதும் என்பதையும், அது மீள ஒரு தலைமுறை ஆகும் என்பதையும் இது காட்டுகிறது.

மூன்றாவது காரணமே பெரிது. கொடுத்ததால் வந்த தீங்கு எல்லாருடைய கண்ணிலும் படும். கொடாததால் வந்த தீங்கு எவர் கணக்கிலும் ஏறாது. ஊசி போட்ட மறுநாள் ஒரு பெண்ணுக்குத் தலைவலி வந்தால் ஊரே ஊசியைக் குறைகூறும். ஊசி போடாத பெண் காய்ச்சலில் மாண்டால் விதி என்பார்கள். மருத்துவரும் மனிதர்தாமே! பழிக்கு அஞ்சி வாளாவிருப்பது அவருக்கும் எளிதாகிவிடுகிறது.

பிறரை மட்டும் குறைகூறிச் செல்ல எனக்கு உரிமையில்லை. 2015-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நம் நாட்டில் எச்1என்1 என்னும் காய்ச்சல் கடுமையாகப் பரவிற்று. அவ்வாண்டில் ஏறத்தாழ 3,000 பேர் மாண்டனர். அப்போது நான் தலைமையாசிரியனாய் இருந்தேன். எங்கள் பள்ளியின் இளம் ஆசிரியை ஒருவர் ஆறு மாதக் கருவுற்றிருந்தார். ஒருநாள் என் அறைக்கு வந்து, “ஐயா, காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். மாமியார் வேண்டாம் என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று வினவினார். எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லி மருத்துவரிடம் அனுப்பியிருக்க வேண்டும். நானோ, “இந்த நேரத்தில் எதற்கம்மா வம்பு? பிள்ளை பிறந்தபின் பார்த்துக்கொள்ளலாம்” என்றேன். பெரியவர் சொல்லுக்குத் தலையசைத்துச் சென்றார். மூன்று வாரங்களில் நோயுற்று மருத்துவமனையில் கிடந்தார். உயிர்வளி செலுத்தி அவரைக் காப்பாற்றினார்கள். குழந்தை உரிய காலத்திற்கு முன்பே பிறந்து, பல நாள் கண்ணாடிப் பேழையில் இருந்து பிழைத்தது. அவர் என்னை ஒரு சொல்லும் நொந்துகொள்ளவில்லை. நான் அன்று கூறியது அறிவுரையன்று, அச்சம். நாற்பது ஆண்டுகள் உலகம் செய்த அதே தவறு.

நான் அவ்வாறு கூறிய நாளில், விடை ஏற்கெனவே கிடைத்திருந்தது என்பதை எண்ணும்போது வருத்தம் மிகுகிறது. அதுவும் தொலைவில் அன்று. அண்டை நாடான வங்காளதேசத்தில். 2004, 2005 ஆண்டுகளில் டாக்கா நகரில் 340 கர்ப்பிணிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இன்புளுயென்ஸா ஊசியும், மற்றப் பிரிவினருக்கு வேறொரு தடுப்பூசியும் போட்டு, பிறந்த குழந்தைகளை ஆறு மாதம் வரை கவனித்தனர். இரண்டாம் பிரிவில் 16 குழந்தைகளுக்கு இக்காய்ச்சல் உறுதி செய்யப்பட்டது. முதற்பிரிவிலோ 6 குழந்தைகளுக்கு மட்டுமே. அதாவது நூற்றுக்கு 63 பங்கு காப்பு. தாய்மாருக்கும் காய்ச்சலோடு கூடிய சுவாச நோய்கள் குறைந்தன. 2008-இல் வெளிவந்த இவ்வாய்விற்கு ‘தாயின் பரிசு’ என்னும் பொருள்படப் பெயர் வைத்திருந்தனர்.

இதன் சிறப்பை நன்கு கவனியுங்கள். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு இத்தடுப்பூசி போட இயலாது. ஆயினும் அப்பருவத்தில்தான் நோய் அதற்கு மிகக் கொடியது. தாய் ஊசி பெற்ற சுமார் இரண்டு வாரங்களில் அவள் குருதியில் எதிர்ப்பொருள்கள் உண்டாகின்றன. அவை நஞ்சுக்கொடியின் வழியே சிசுவை அடைகின்றன. பிறக்கும்போதே குழந்தை காப்போடு பிறக்கிறது. ஓர் ஊசி, ஈருயிர்க்குக் காப்பு.

2009-இல் உலகெங்கும் எச்1என்1 பரவியபோது பழைய பாடம் மூன்றாம் முறையாகப் புகட்டப்பட்டது. அமெரிக்க மக்களுள் கர்ப்பிணிகள் நூற்றுக்கு ஒருவரே. அக்காய்ச்சலால் இறந்தவருள் அவர்கள் நூற்றுக்கு ஐவர். 2012-இல் உலக சுகாதார நிறுவனம், இத்தடுப்பூசி வழங்கும் நாடுகள் கர்ப்பிணிகளுக்கே தலையாய இடம் தரவேண்டும் என்று அறிவித்தது. பின்னர்த் தென்னாப்பிரிக்கா, மாலி, நேபாளம் ஆகிய மூன்று நாடுகளில் ஏறத்தாழ 10,000 தாய்மாரைக் கொண்டு ஆய்வு நடந்தது. குழந்தைகளுக்குக் கிடைத்த காப்பு நூற்றுக்கு 30 முதல் 50 பங்கு வரை இருந்தது. இது முழுக்காப்பு அன்று என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. பாதிக் குடை பிடித்தாலும் மழையில் முழுதும் நனைவதினும் நன்று.

இவ்வளவிற்குப் பின்னும் 2021-இல் நாம் தடுமாறினோம். கொரோனாத் தடுப்பூசி இந்தியாவில் சனவரி 16-ஆம் நாள் தொடங்கிற்று. கர்ப்பிணிகளுக்கு அனுமதி கிடைத்தது சூலை 2-ஆம் நாள். இடையில் இரண்டாம் அலை வந்து போய்விட்டது. வரலாற்றுப் பாடத்தை ஒருமுறை படித்தால் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

தாய்மார் அறியாமையால் மறுக்கின்றனர் என்று சிலர் கூறுவர். அது முழு உண்மையன்று. 2009-க்கு முன் அமெரிக்காவில் நூற்றுக்கு 15 கர்ப்பிணிகளுக்கு மேல் இவ்வூசி பெற்றதில்லை. அதன்பின் ஏறத்தாழப் பாதிப்பேர் பெற்றனர். யார் பெற்றனர் என்று 2010, 2011 பருவத்தில் ஆராய்ந்தனர். மருத்துவரோ செவிலியரோ தாமே முன்வந்து ஊசி அளித்த இடத்தில் பத்துக்கு ஏழு பேர் பெற்றனர். அவ்வாறு அளிக்காத இடத்தில் ஏழு பேருக்கு ஒருவரே பெற்றார். நாடும் நோயும் மருந்தும் ஒன்றே. வேறுபாடு, நம்பிக்கைக்குரிய ஒருவர் பேசினாரா, வாய்மூடியிருந்தாரா என்பதுதான்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. கருவுற்ற பெண்ணுக்கு ரணஜன்னித் தடுப்பூசி போடுவதை இன்று நம் கிராமங்களில் எவரும் மறுப்பதில்லை. பச்சிளங்குழந்தைகளைப் பலி கொண்ட அந்நோய், பொதுச் சுகாதாரச் சிக்கலாக இராதபடி இந்தியாவில் ஒழிக்கப்பட்டதென 2015-இல் உறுதி செய்யப்பட்டது. வீடுவீடாகச் சென்ற செவிலியரின் பொறுமையான பேச்சே அதற்கு வழிவகுத்தது. ஆகவே, ‘நம்மவர் கேட்கமாட்டார்’ என்பது வீண்பேச்சு.

ஐயங்களுக்கு நேரிய விடை கூறவேண்டும். இவ்வூசியால் காய்ச்சல் நோய் வருமா? வராது; ஊசியில் இருப்பது செயலற்ற வைரஸ். கை வலியும் இலேசான காய்ச்சலும் ஓரிரு நாள் இருக்கலாம். மூக்கில் தெளிக்கும் மருந்தில் வலுவிழந்த உயிருள்ள வைரஸ் இருப்பதால் அது கர்ப்பிணிகளுக்கு உரியதன்று. முன்னர்த் தடுப்பூசியால் கடும் ஒவ்வாமை கண்டவர் மருத்துவரிடம் அதைக் கூறவேண்டும். எதையும் மருத்துவரிடம் கேட்டே செய்க. ஆனால் கேட்க மறவாதீர்கள்.

மாணவ மாணவியரே, இன்று நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது பாடம். சில ஆண்டுகளில் உங்கள் தமக்கையோ, அண்ணியோ, மனைவியோ, நீங்களேயோ அந்த நிலையில் இருப்பீர்கள். உங்களுள் சிலர் மருத்துவராகவும் செவிலியராகவும் ஆசிரியராகவும் இருப்பீர்கள். அப்போது எவரேனும் வந்து, “ஊசி போட்டுக்கொள்ளலாமா?” என்று கேட்டால், நான் சொன்ன விடையைச் சொல்லாதீர்கள். “வாருங்கள், மருத்துவரிடம் கேட்போம்” என்று உடன் செல்லுங்கள். கேட்கத் தயங்குபவரை நீங்களே முன்சென்று கேளுங்கள்.

அந்த ஆசிரியையின் மகன் இப்பொழுது பள்ளியில் படிக்கிறான். என்னைக் காணும்போதெல்லாம் “தாத்தா, வணக்கம்” என்கிறான். அவ்வணக்கத்தைப் பெறும்போது, காளயுக்தி ஐப்பசியில் உலகையே காணாது மறைந்த அந்தச் சிசுவை நினைத்துக்கொள்கிறேன். அதைக் காக்க அன்று எவராலும் இயலவில்லை. இன்று நம்மால் இயலும்.